முதலில் இடிக்கும் பல்

மறந்துபோன குடையை எடுக்க அவள் வீட்டுக்குத் திரும்பியபோது, அம்மாவின் பற்கள் சமையல் மேடையில் ஒரு டம்ளருக்குள் கிடந்தன.

மேல் செட், கீழ் செட். இரண்டும் தண்ணீருக்குள். அவள் செய்தவை. ஒவ்வொரு பல்லையும் மெழுகில் பதித்தது அவள் கைதான்.

அம்மா ஜன்னலோரம் நின்று ரொட்டியைப் பாலில் நனைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ போகல?"

"அதை ஏன் கழட்டி வெச்சிருக்க?"

"கழுவலாம்னு."

"சாப்பிட்டுக்கிட்டே கழுவுவியா?"

அம்மா டம்ளரை எடுக்கக் கை நீட்டினாள். அவள் முந்திக்கொண்டாள்.

"வாயைத் திற."

"எனக்கு வேலைக்கு நேரமாச்சுடி."

"திற."

கீழ் ஈறில் இடப்பக்கம் ஒரு புண். நடுவில் வெளுத்து, ஓரம் சிவந்து. அதற்குப் பின்னால் இன்னொன்று. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா?"

"லேசாத்தான்."

"எவ்வளவு நாளான்னு கேட்டேன்."

"போட்ட நாள்லேர்ந்து."

அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை. எந்த வண்டி எந்த மேடை, எது ரத்து, எது தாமதம் என்று நாள் முழுக்கப் பேச வேண்டும். ஈறு கெட்டுப் பற்களை எடுத்தபின் விடுப்பில் இருந்தவள், செட் வந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள். மாலையில் வந்ததும் மகள் கேட்பாள், எப்படி இருக்கு என்று. நல்லாருக்கு என்பாள் அம்மா. தினமும் அதே கேள்வி. தினமும் அதே பதில்.

"டாக்டர் வாயில வெச்சுப் பார்த்தப்ப கேட்டாரில்ல, எங்கயாவது இடிக்குதான்னு?"

"கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"இல்லைன்னேன்."

"இடிச்சுதா?"

"கொஞ்சம்."

"ஏம்மா சொல்லல?"

"நீ பண்ணினதாச்சே. நான் போய்க் குறை சொன்னா உன்னை அங்க திட்ட மாட்டாங்களா?"

அவள் டம்ளரைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப அது மெழுகு. சொல்லியிருந்தா இளக்கித் தள்ளி வெச்சிருப்பேன். இப்ப கல்லு. யாருக்கு நல்லது பண்ணின நீ?"

"கத்தாதே. பக்கத்து வீட்டுல காது குடுத்துக்கிட்டிருப்பாங்க."

"இருக்கட்டும். பல்லு செய்யற வீட்டுல அம்மா பொக்கை வாயோட நிக்கிறான்னு தெரியட்டும்."

அம்மா டம்ளரைப் பிடுங்கினாள். பற்களை எடுத்து மாட்டிக்கொண்டாள். கைப்பையைத் தோளில் போட்டு, கதவருகே நின்று, முகத்தைச் சரிசெய்துகொண்டாள். வலியை உள்ளே தள்ளி மூடும் முகம். அதை அவள் இதுவரை கவனித்ததில்லை.

*

லேப் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. முன்னறையில் மேசைகள், மெழுகு, சிறு நெருப்பு விளக்குகள். பின்னறையில் மாவு, தண்ணீரில் கலந்தால் கல்லாக இறுகும் வெள்ளை மாவு. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அளவுகளில் மாவு ஊற்றி அச்செடுப்பது பின்னறை வேலை. அந்த அச்சுகளை ஒரு கருவியில் பூட்டுவார்கள். வாய் போலவே திறந்து மூடும். லேபில் அதற்குத் தாடை என்றே பெயர். தாடையில் மெழுகு வைத்து அதில் பல் பதிப்பது அவள் வேலை.

முதலாளியை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அது அக்காவே போட்ட சட்டம். "இங்க முதலாளி, தொழிலாளி கிடையாது. நாமெல்லாம் ஒரே குடும்பம்." நாற்பதைத் தாண்டிய பெண். ஒரு காலத்தில் இதே லேபில் பல் பதித்தவள். வாசலருகே, மூட்டை போல, உட்கார்ந்தால் அமுங்கும் பெரிய இருக்கை ஒன்று வாங்கிப் போட்டிருந்தாள். இளைஞர்களுக்குப் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதில் மாவுத்தூசி மட்டும் உட்கார்ந்திருந்தது.

பின்னறையில் இருப்பவர் மாவு அண்ணன். புருவம், காது, மீசை எல்லாம் வெள்ளை. கழுவினாலும் போகாது. "நான் பொறக்கும்போதே நரைச்சுப் பொறந்தவன்" என்பார்.

அவள் போனபோது மாவு கலக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் செட் எதையாவது டாக்டர் திருப்பி அனுப்பியிருக்காரா?"

"உன்னோடதா? ஒண்ணு கூட இல்ல."

"இந்த ரெண்டு வருஷத்துல?"

"இல்லம்மா. எதுக்குக் கேட்கிறே?"

"எங்க அம்மாவுக்குப் பண்ணினது ஈறை அறுத்துடுச்சு. ஊருக்கெல்லாம் சரியா வருது. வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி?"

கிண்ணத்தைச் சுழற்றியபடியே அவர் சொன்னார்: "அன்னிக்கு அக்கா ஊர்ல இல்ல, தம்பி வீட்டுக்குப் போயிருந்தாங்கல்ல."

கரண்டி நின்றது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா இல்லைன்னா என்ன?"

"ஒண்ணுமில்ல. ஏதோ வாயில வந்துடுச்சு. தள்ளும்மா, மாவு இறுகிடும்."

அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். "இறுகட்டும்."

"விளையாடாதே."

"அக்கா இல்லைன்னா என்ன, அண்ணே?"

மாவு கிண்ணத்துக்குள் கனத்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"காலையில வருவாங்க. நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி."

"வந்து?"

"லேசாத் தட்டிக் கொட்டி வைப்பாங்க."

"எதை?"

"நீ வெச்சுட்டுப் போனதைத்தான்."

"எப்பயாவதா?"

"எப்பயாவதுன்னா..."

"அண்ணே."

"தினமும்."

அவள் கிண்ணத்தை விட்டாள். கரண்டி மாவுக்குள் நட்டபடி நின்றது.

"உங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்."

"எனக்கென்னம்மா. நான் மாவு. என் கைக்கு வர்றதை அச்சுல அடைச்சுக் கொதிக்க வைக்கிறேன்."

"ரெண்டு பேரும் சிரிச்சீங்களா?"

"எதுக்கு?"

"காலையில. என் வேலையைப் பார்த்து."

"சத்தியமா இல்ல. அக்கா திட்டுவாங்க. அதுகூட பல்லைத்தான் திட்டுவாங்க. உன்னை இல்ல."

அவள் முன்னறைக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் செய்யும் செட்டுகள் மாலையில் தாடையில் நிற்கும். மறுநாள் அவள் வருவதற்குள் டாக்டரிடம் போய்விடும். திரும்பி வந்தால் நேரே பின்னறைக்கு. தன் வேலையை அவள் இரண்டாம் முறை பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தாள். சரியாக இருக்கும்போது எதற்குப் பார்ப்பது?

அன்று ஒரு செட் பதித்தாள். கவனமாக. கடைசியில் முன்பற்கள் இரண்டையும் கிள்ளி எடுத்து இடம் மாற்றி வைத்தாள். வலது இடத்தில் இடது. இடது இடத்தில் வலது. தெருவில் போகிறவனுக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். பல் வேலை தெரிந்தவர்களுக்கு முகத்தில் அறையும்.

மாலையில் அக்கா வந்தாள்.

"என்ன தங்கம், டல்லா இருக்கே?"

"முடிச்சுட்டேன். பாருங்க."

அக்கா குனிந்தாள். கண் முன்பற்களில் நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு நிமிர்ந்தாள்.

"சூப்பர் தங்கம். கண்ணுல ஒத்திக்கலாம்."

*

மறுநாள் அம்மாவுக்கு வார விடுமுறை. அம்மா எழுவதற்கு முன் அவள் டம்ளரிலிருந்த செட்டுகளை எடுத்துத் துடைத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சைக்கிள் கடை திறந்திருக்கவில்லை. மாடிக் கதவு ஒருக்களித்திருந்தது.

அவள் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய விளக்கை ஏற்றி, அவளுடைய கத்தியைச் சூடாக்கி, அவள் வைத்த பற்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். தாடையை மூடித் திறந்து, மூடித் திறந்து, அதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு இருக்கா உனக்கு? முன்பல்லை மாத்தி வெச்சிருக்கே. எந்தக் கழுதை இப்படி வைக்கும்? பின்னாடி பாரு. இடப்பக்கம். மறுபடியும் இடப்பக்கம். எத்தனை தடவைடி அதை அமுக்கி அமுக்கி வைக்கிறது? நேரா உட்கார்ந்தாத்தானே, சாய்ஞ்சு சாய்ஞ்சு..."

அவள் கதவைத் தள்ளினாள்.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

கத்தி மேசையில் விழுந்தது. அக்கா எழுந்தாள். சிரிப்பு தானாகவே முகத்துக்கு வந்தது.

"தங்கம், இவ்வளவு சீக்கிரம்..."

"தங்கம் வேண்டாம்."

"சும்மா ஒரு சின்னத் திருத்தம்தான்."

"முன்பல்லை வேணும்னேதான் மாத்தி வெச்சேன். நேத்து பார்த்தீங்க. கண்ணுல ஒத்திக்கலாம்னீங்க."

சிரிப்பு போய்விட்டது.

"எனக்குப் பரீட்சை வைக்கிறியா? என் லேப்ல, என் மேசையில?"

"என் மேசை. உன் மேசை, உன் ராஜ்யம்னு நீங்கதான் சொன்னீங்க."

அக்கா விளக்கை ஊதி அணைத்தாள்.

"சரி. கேட்டுக்கோ. உனக்கு முன்னாடி மூணு பேர் இந்த நாற்காலியில இருந்தாங்க. முதல் பையன்கிட்ட, இது மனுஷ வாயா குதிரை வாயான்னு கேட்டேன். சாப்பிடப் போனான். இன்னும் சாப்பிட்டுக்கிட்டிருக்கான். அடுத்தது ஒரு பொண்ணு. அவ அப்பா வந்து இந்தப் படியில நின்னு கத்தினார், எம்பொண்ணை நாங்களே அதட்டினதில்ல, நீ யாருன்னு. மூணாவது ஆளு வரவே இல்ல. சூழல் ஒத்துவரலைன்னு போன்ல ஒரு வரி அனுப்பினான். அப்புறம்தான் அந்த வகுப்புக்குப் போனேன்."

"என்ன வகுப்பு?"

"முதலாளிங்களுக்கு. இளசுங்களை எப்படிப் போக விடாம வெச்சுக்கிறதுன்னு. ஒரு குறை சொல்றதுக்கு முன்னாடி மூணு பாராட்டு சொல்லணுமாம்."

"நீங்க பாராட்டோட நிறுத்திட்டீங்க."

"நிறுத்தினேன். நீ நின்னியே! முதல் வாரம் உன்கிட்ட வாயைத் திறந்தேன், ஞாபகம் இருக்கா? பல்வரிசை கோணலா இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை. நீ பாத்ரூமுக்குப் போய்க் கண்ணைச் சிவக்க வெச்சுக்கிட்டு வந்தே. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"அழுதேன். வந்து என்ன பண்ணினேன்?"

அக்கா விழுந்த கத்தியை எடுத்து நேராக வைத்தாள்.

"சொல்லுங்க. அழுதுட்டு வந்து என்ன பண்ணினேன்?"

"திருத்தினே."

"அதுக்கப்புறம் என் வரிசை கோணலா இருந்திருக்கா?"

"இல்ல."

"பின்ன? அழுதா அழறேன். என் கண்ணு, என் தண்ணி. உங்களுக்கு அதுல என்ன?"

"எனக்கு என்னவா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "உன் வேலையைத் தினமும் ரெண்டாவது தடவை நான் செய்யறேன். எம்புள்ள எழுந்திருக்கும்போது நான் வீட்டுல இல்ல. முதுகு போயிடுச்சு. எதுக்கு? நீ சிரிச்ச முகமா உள்ள வரணும்னு. உங்களுக்கெல்லாம் அதுதானே வேணும்? திட்டக்கூடாது. முகம் சுளிக்கக்கூடாது. அமுங்குற இருக்கை வேணும்."

"யார் கேட்டா? அந்த மூட்டையில நான் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கேனா?"

"வேற என்னதான் எதிர்பார்க்கறே?"

"வேலை தெரியணும்னு எதிர்பார்த்தேன். நீங்க என்கிட்ட என்ன எதிர்பார்த்தீங்க?"

அக்கா சட்டென்று சொன்னாள்: "நீ போகக்கூடாது."

"வேற?"

"வேற என்ன. போகக்கூடாது. அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் அது அக்காவுக்கே கேட்டது போலிருந்தது. அவள் பார்வை தரைக்குப் போனது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"பிடிக்கலைன்னா இப்பக் கிளம்பு. யாரும் கையைப் பிடிச்சு இழுக்கல."

"எங்க போறது? வேற லேப்ல போய் உட்கார்ந்தா ரெண்டாம் நாள் என் லட்சணம் தெரிஞ்சிடும். ரெண்டு வருஷமா இங்க நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான், உங்க பாராட்டை நம்பறது. அதை வெச்சுக்கிட்டு எவன் எனக்கு நாற்காலி குடுப்பான்?"

அவள் டப்பாவைத் திறந்து அம்மாவின் பற்களை மேசையில் வைத்தாள்.

"இது நீங்க ஊர்ல இல்லாதப்ப பண்ணினது. எங்க அம்மா வாயில போட்டேன். ரெண்டு புண்ணு. அவங்களும் நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க."

அக்காவின் கை தானாகவே செட்டுக்கும் தேய்க்கும் மோட்டாருக்கும் நீண்டது.

"குடு. அஞ்சு நிமிஷத்துல தேய்ச்சுத் தந்துடறேன்."

"தொடாதீங்க. சொல்லுங்க."

"விடு, அம்மாவுக்கு வலிக்கும். குடு."

"சொல்லுங்கன்னேன்."

அக்கா மேல் செட்டையும் கீழ் செட்டையும் எடுத்து ஒன்றோடொன்று கடிக்க வைத்தாள். விரலால் அமுக்கினாள். டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

"பரவாயில்ல, நல்லாத்தான்..."

"அக்கா."

"கேவலமா இருக்கு."

"எங்க?"

"இடப்பக்கம். கீழ கடைவாய்ல இந்தப் பல்லு மத்தது தொடறதுக்கு முன்னாடி இடிக்குது. செட்டு சாயுது, ஈறை அறுக்குது. உன் கை எப்பவும் இடப்பக்கத்தைத் தூக்கிடும். வந்த நாள்லேர்ந்து."

"வந்த நாள்லேர்ந்தே தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வரி. உன் கை இடப்பக்கம் தூக்குது. ஒரே ஒரு வரி. அதைத் தினமும் இந்த மெழுகுகிட்ட சொல்லியிருக்கீங்க. என்கிட்ட சொல்ல உங்களுக்கு வாய் வரல."

அக்கா செட்டை மேசையில் வைத்தாள்.

அவள் கத்தியை எடுத்தாள். தாடையில் இருந்த செட்டின் பற்களை ஒவ்வொன்றாக நெம்பிப் பிடுங்கத் தொடங்கினாள். அக்கா திருத்தியதையும் திருத்தாததையும். பற்கள் மேசையில் உருண்டன.

"ஏய்! அது இன்னிக்கு டாக்டருக்குப் போகணும்!"

"நாளைக்குப் போகும். தாமதம்னு சொல்லுங்க. பொய் உங்களுக்குப் புதுசா?"

"பைத்தியமா நீ?"

"மதியம் வந்து நானே வைக்கிறேன். பக்கத்துல நில்லுங்க. கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. வாய் மட்டும் பேசட்டும். குதிரைன்னு சொல்லுங்க, கழுதைன்னு சொல்லுங்க. சூப்பர்னு ஒரு வார்த்தை வந்தா இந்தப் படியை மிதிக்க மாட்டேன்."

"எனக்கு நிபந்தனை போட நீ யாருடி?"

மெழுகிடம் சொல்லும் 'டி' இன்றுதான் முதல் முறையாக அவள் முகத்துக்கு நேரே வந்தது. 'தங்கம்' என்பதை விட அது மேல் என்று பட்டது. அதற்காகக் கோபம் தணியவில்லை.

அவள் அம்மாவின் செட்டுகளையும், மோட்டாரையும், கடித்தால் நிறம் படும் நீலத்தாளையும் எடுத்துப் பையில் போட்டாள்.

"இதை எடுத்துட்டுப் போறேன். மதியம் கொண்டு வரேன்."

படியில் மாவு அண்ணன் எதிரே வந்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.

*

அம்மா வீடு முழுக்கத் தேடியிருந்தாள். போர்வைகள் உதறிக் கிடந்தன.

"என் பல்லை எங்கடி கொண்டு போன?"

"உட்கார்."

அம்மாவை ஜன்னலருகே உட்கார வைத்தாள். செட்டை மாட்டச் சொன்னாள். நீலத்தாளை இரு பக்கமும் கொடுத்துக் கடிக்கச் சொன்னாள்.

"எப்படி இருக்கு?"

"இப்ப நல்லாருக்கு."

"இன்னும் நான் கையே வைக்கல."

"அதான் சொல்றேன், பழகிடுச்சு. நீ வேலைக்குப் போ."

அவள் கீழ் செட்டைக் கழற்றி அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். இடப்பக்கம் ஒரே பல்லில் திட்டாக நீலம். வலப்பக்கம் வெள்ளை.

"இது நல்லாருக்கா?"

அம்மா வேறு பக்கம் பார்த்தாள். அவள் மோட்டாரைப் போட்டு நீலத்தைத் தேய்த்தாள். மறுபடி மாட்டினாள்.

"கடி. இடிக்குதா?"

"இல்ல."

மறுபடி கழற்றினாள். அதே இடத்தில் நீலம்.

"பொய் சொல்றே."

"இல்லடி, இப்ப எவ்வளவோ..."

"பொய்! நீயும் லேப் அக்காவும் சேர்ந்து என்னை என்னன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க? ஊதினா ஒடிஞ்சிடுவேனா? கண்ணாடியா நான்? ரெண்டு வருஷமா எல்லாரும் என்னைச் சுத்தி நின்னு நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லி என்னை முட்டாளாக்கி வெச்சிருக்கீங்க. இப்ப சொல்றியா, இதை ஜன்னல் வழியா வீசட்டுமா?"

"வீசு!" அம்மா எழுந்துவிட்டாள். "வீசுடி! வலிக்குது, போதுமா? ஏழாவது மேடைன்னு சொல்லும்போதெல்லாம் உயிர் போகுது. வாய்க்குள்ள செருப்பை வெச்ச மாதிரி இருக்கு. மேல்பல்லு பெருசு. சிரிச்சா குதிரை மாதிரி இருக்கேன். கவுண்டர்ல ஒருத்தன் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். எம்பொண்ணு பண்ணினதுன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? இதுக்கா தினமும் பையைத் தூக்கிக்கிட்டுப் போன? இதைக் கத்துக்கவா?"

அவளுக்கு முகம் எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவில்லை. மோட்டாரைப் போட்டாள். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகத் தூள் மடியில் விழுந்தது.

"மேல்பல்லு எவ்வளவு பெருசு?"

அம்மா நகத்தின் நுனியைக் காட்டினாள். "இவ்வளவு."

"ரெண்டுமா?"

"வலதுதான் ரொம்ப."

"சரி. உட்கார். முதல்ல இது."

அம்மா உட்கார்ந்தாள். மூச்சு இன்னும் இறங்கவில்லை. அவள் செட்டைக் கழுவி நீட்டினாள். அம்மா மாட்டினாள். மகள் தாளை வைத்தாள். அம்மா கடித்தாள்.

"இன்னும் இடிக்குது" என்றாள் அம்மா.

அவள் மோட்டாரைப் போட்டாள்.